1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்? பீர்மேட்டில் சாதிச் சான்றிதழ்

ஏலப்பாறைக்காரன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். கேரளாவின் பீர்மேடு தாலுகாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன் நான். மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங்குக்குப் போகப் பார்க்கிறாள். எஸ்.சி. சான்றிதழுக்கு அக்ஷயா இ-சேவை மையத்தில் போட்ட விண்ணப்பம் வில்லேஜ் ஆபீஸில் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரே கேள்விதான்: "1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் உங்கள் குடும்பம் கேரளாவில் இருந்ததற்கு என்ன ரிக்கார்டு இருக்கு?"

என் தாத்தா செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியோடு மலை ஏறினவர். எந்த வருஷம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பா 1944-ல் இதே தோட்டத்தில் பிறந்தார் என்று பாட்டி சொல்வாள், அதற்கும் காகிதம் கிடையாது. கம்பெனி பூட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆபீஸில் செக்ரோல் (தொழிலாளர் பேர்ப் பதிவேடு) அடுக்கி வைத்திருந்த அலமாரியை நானே போய்த் திறந்து பார்த்தேன். கரையான் மண் கட்டியிருந்தது. ஒரு கட்டை எடுத்தால் கையிலேயே அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஒரு பக்கத்தில் "பெண்ணாள் 41" என்று மட்டும் படிக்க முடிந்தது.

என் அண்ணனுக்கு 1991-ல் இதே தாலுகாவில் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவன் பட்டியல் சாதி, இளையவன் மகள் இல்லை என்றால் இது என்ன கணக்கு?

தேவிகுளம் எம்.எல்.ஏ. வழக்கில் சுப்ரீம் கோர்ட் நம் ஆட்களுக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது என்கிறார்கள். அந்தத் தீர்ப்பை நகல் எடுத்துக் கொடுத்தால் போதாதா?

சுருளியாறு | திங்கள், இரவு 10.05

அண்ணே, எதுக்கு இவ்வளவு பாடு? கம்பத்துக்கு இறங்கி வாங்க. நம்ம சாதி தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கு. சொந்தக்காரர் வீட்டு முகவரியில் ஒரு ரேஷன் கார்டு, அப்புறம் சான்றிதழ். முடிஞ்சது.

மெட்டு வக்கீல் | திங்கள், இரவு 11.20

சுருளியாறு தம்பி, நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் அந்தப் பெண்ணைக் குழியில் தள்ளுகிற யோசனை இது. பொய் முகவரியில் வாங்கினால் நாளைக்குப் படிப்பும் போகும், கேஸும் வரும். உண்மையான முகவரியே என்றாலும், தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் கேரள சீட்டுக்குச் செல்லாது.

காரணம் சொல்கிறேன். அரசியல் சாசனத்தின் 341-வது பிரிவு பட்டியல் சாதியை "அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை" என்றுதான் வரையறுக்கிறது. 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் இதை அரசியல் சாசன அமர்வு பார்த்தது. ஆந்திராவிலிருந்து அப்பா வேலைக்காக பம்பாய்க்கு வந்தவர், பையன் அங்கே மருத்துவ சீட் கேட்டான். பிறந்த மாநிலத்தின் அந்தஸ்தை இன்னொரு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. 1994-ல் இன்னொரு அமர்வும் அதையே சொன்னது. 2018-ல் பீர் சிங் வழக்கில் மறுபடியும் அதே. ஆக, அந்தக் கதவு மூன்று தரம் சாத்தப்பட்ட கதவு.

இப்போது ஏலப்பாறைக்காரர் கேட்டதற்கு வருகிறேன். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் உத்தரவு வந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்கு உங்கள் குடும்பத்தின் நிலையான இருப்பிடம் எதுவோ, அந்த மாநிலத்தின் பட்டியலில்தான் நீங்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, அன்றைக்குப் பெற்றோர் இருந்த இடம் கணக்கு. அதனால் வில்லேஜ் ஆபீஸர் கேட்ட கேள்வி சட்டப்படி சரியான கேள்வி. அதற்குப் பதிலாக அவர் எதிர்பார்க்கும் காகிதத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது.

தேவிகுளம் தீர்ப்பை அப்படியே நீட்டினால் வேலைக்கு ஆகாது. 2021-ல் அந்தத் தனித் தொகுதியில் ஜெயித்த ஆ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச் 20-ல் கேரள ஹைகோர்ட் ரத்து செய்தது. கேரளத்தின் இந்துப் பறையர் என்ற பட்டியலில் அவர் வரமாட்டார் என்பது காரணம். 2025 மே 6-ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, தேர்தல் செல்லும் என்றது. நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேர்தல் வழக்கில் நிரூபிக்க வேண்டியவர் வழக்குப் போட்டவர். "இவர் பட்டியல் சாதி இல்லை" என்று அவர் காட்ட வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில், கேரளத்தின் 1996-ம் வருஷத்துச் சாதிச் சான்றிதழ் சட்டப்படி, நிரூபிக்கிற பாரம் கேட்பவர் தலையில். எம்.எல்.ஏ. வழக்கில் காகிதம் இல்லாதது எதிராளிக்குக் கஷ்டம். உங்களுக்குக் காகிதம் இல்லாதது உங்களுக்கே கஷ்டம். தராசு அதேதான், தட்டு மாறிவிட்டது.

ஏலப்பாறைக்காரன் | செவ்வாய், காலை 6.15

ராத்திரியே படித்தேன் வக்கீல் சார். தூக்கம் போய்விட்டது.

பழைய ரெவின்யூ | செவ்வாய், மதியம் 1.30

நான் தாலுக்கு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் வில்லேஜ் ஆபீஸரை வில்லன் ஆக்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

போலிச் சான்றிதழ் என்பது கற்பனை இல்லை. 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் போலிகளைப் பார்த்துத்தான் சரிபார்ப்புக் குழு, விஜிலென்ஸ் விசாரணை எல்லாம் கொண்டுவந்தது. கேரளாவில் சந்தேகம் வந்தால் கிர்த்தாட்ஸ் என்கிற அரசு ஆய்வு நிறுவனம் வரை போகும். அங்கே சான்றிதழ் தப்பு என்று வந்துவிட்டால், கையெழுத்துப் போட்டவன் கதி என்ன? நான் வேலையில் இருந்தபோது ஒரு கையெழுத்துக்காக எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் பல வருஷம் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். மறுத்தால் அப்பீல் வரும், அவ்வளவுதான். கொடுத்தால் பென்ஷன் போகலாம். இந்த நிலையில் எந்த ஆபீஸரும் மறுக்கத்தான் பார்ப்பான். அவனுக்கு நம்மேல் பகை ஒன்றும் கிடையாது.

இன்னொன்று. போலியாக ஒருவன் ஒரு சீட் வாங்கினால் அது போவது பொதுப் பிரிவுக்காரனிடமிருந்து இல்லை. உண்மையான எஸ்.சி. பிள்ளையிடமிருந்துதான் போகிறது. சரிபார்ப்பே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கொழுந்துக்கூடை | செவ்வாய், மாலை 5.10

ரெவின்யூ சார், சரிபார்ப்பு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எதை வைத்துச் சரிபார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

நான் ஸ்கூல் டீச்சர், அம்மா கொழுந்து எடுத்தவர். சாதாரண ஜனம் கையில் வைத்திருக்கிற காகிதங்களை ஒரு தாளில் வருஷத்தோடு எழுதிப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951. பி.எஃப். சட்டம் 1952. முதல் பொதுத் தேர்தல் 1951-52. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969. கிராஜுவிட்டி 1972. நம் ஆட்களை ஆள் என்று எண்ணி அரசாங்கம் பேர் எழுத ஆரம்பித்ததே 1950-க்குப் பின்னால். கேட்பதோ அதற்கு முந்தின காகிதம்! அதற்கு முன்னால் நம் பேர் இருந்தது கங்காணி நோட்டிலும் கம்பெனி செக்ரோலிலும். இரண்டும் நம் கையில் இல்லை. பட்டா இருந்தவனுக்கு 1950 ஒரு தேதி. லயத்தில் ஒரு ரூம் இருந்தவனுக்கு அது ஒரு சுவர்.

இப்போது என் கதை. எங்களிடம் 1950-க்கு முந்தின காகிதம் இருந்தது, அசலாக! பாட்டிக்கு 1939-ல் ஞானஸ்நானம் கொடுத்த பதிவேடு. அழகான கையெழுத்து, தோட்டத்தின் பேர், டிவிஷன் பேர், தாத்தாவின் வேலை எல்லாம் இருக்கு. சர்ச் ஐயர் சந்தோஷமாக நகல் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸர் படித்துவிட்டு, "இருந்தது சரிதான். ஆனா நீங்க கிறிஸ்தியானி அல்லே?" என்றார். இங்கே இருந்தோம் என்று காட்டுகிற ஒரே காகிதம், நாங்கள் பட்டியலில் இல்லை என்றும் காட்டிவிட்டது.

எங்களுக்கு இப்போது ஓ.இ.சி. (இதர தகுதியுள்ள சமூகங்கள்) சலுகை. அதுவும் படிப்புக்கு உதவினதுதான், மறைக்கவில்லை. ஆனால் பாட்டி முழுக்குப் பெற்றபோது கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்கு யாரும் குடி மாற்றவில்லை.

மெட்டு வக்கீல் | செவ்வாய், இரவு 9.00

டீச்சர் சொன்னது 1950 உத்தரவின் மூன்றாவது பத்தி. முதலில் இந்துக்கள் மட்டும், 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர். கிறிஸ்தவர், முஸ்லிம் தலித்துகள் வெளியேதான். இதை எதிர்த்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது 2004-ல். 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள்.

திரும்பி இந்துவாக வருகிறவர்கள் விஷயம் 2015-ல் கே.பி. மனு வழக்கில் வந்தது, அது நம் கேரள வழக்குதான். மூன்று காட்ட வேண்டும்: மூதாதையர் அந்தச் சாதி, மதம் திரும்பியது உண்மை, சாதிக்காரர்கள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சான்றிதழுக்காக மட்டும் திரும்புகிறேன் என்றால் கோர்ட் ஏற்காது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் அதைக் கடுமையாகவே சொன்னது.

ஏலப்பாறைக்காரரே, உங்கள் குடும்பத்தில் சர்ச் தொடர்பு உண்டா? இங்கே பொதுவில் எழுத வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள்.

குண்டாறு | செவ்வாய், இரவு 10.30

நான் செங்கோட்டைக்காரன். ஒரு விஷயம் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 1950-ல் செங்கோட்டை எந்த மாநிலம்? திருவிதாங்கூர்-கொச்சி! 1956 நவம்பர் 1-ல்தான் நாங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தோம், கன்னியாகுமரியோடு சேர்ந்து. அதே நாளில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. ஏலப்பாறைக்காரர் தாத்தா செங்கோட்டையிலிருந்து பீர்மேட்டுக்குப் போனால் அவர் எந்த மாநில எல்லையைத் தாண்டினார்? ஒரே ராஜ்யத்துக்குள் ஒரு தாலுகாவிலிருந்து இன்னொரு தாலுகாவுக்கு நடந்தார். கோடுதான் பிற்பாடு அவரைத் தாண்டியது.

இதில் சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை. எல்லைப் போராட்ட காலத்தில், இந்த இரண்டு தாலுகாவிலும் தமிழர் அதிகம் என்று சொன்னபோது, "அவர்கள் தோட்டக்கூலிகள், வந்து போகிறவர்கள், நிலையானவர்கள் இல்லை" என்பது மறுதரப்பு வாதம். அன்றைக்கு நிலையில்லாதவர்கள் என்று மண்ணை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நிலையாக இருந்ததற்கு ரசீது கேட்கிறார்கள்.

மெட்டு வக்கீல் | செவ்வாய், இரவு 11.45

குண்டாறு, கேஸ் ஷீட்டில் முதல் பாராவாகவே போடலாம் இதை. மாநிலம் பிரிந்த இடங்களை, சாதாரணக் குடிபெயர்வு மாதிரிப் பார்க்கக் கூடாது என்பதற்கு 2003-ல் சுதாகர் விட்டல் கும்பாரே வழக்கில் கோர்ட் இடம் கொடுத்திருக்கிறது. 2021-ல் பங்கஜ் குமார் வழக்கு, பீகார்-ஜார்க்கண்ட் பிரிவினை. அதில், பிரிந்த இரண்டு மாநிலத்தில் ஏதாவது ஒன்றில் சலுகை கேட்கலாம், இரண்டிலும் ஒரே சமயம் கூடாது என்றது. 1956-க்கு அதை அப்படியே பொருத்த முடியுமா என்று எதிர்த்தரப்பு வாதம் செய்யும். ஆனாலும் செங்கோட்டைக்காரருக்கு இருக்கிற இந்தப் பிடி, சங்கரன்கோவிலிலிருந்தோ ஆண்டிப்பட்டியிலிருந்தோ வந்தவருக்குக் கிடையாது. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து ரூமில் இருக்கிற இரண்டு குடும்பம், ஒன்றுக்குச் சட்டம் வேறு, இன்னொன்றுக்கு வேறு. அதுவும் நியாயமா என்றால் இல்லை.

ஆனால் சார், இப்போதைக்குக் கோர்ட் வேண்டாம். அட்மிஷன் தேதி கோர்ட்டுக்காகக் காத்திருக்காது. முதலில், வாயால் "இல்லை" என்று சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். காரணத்தோடு உத்தரவு இருந்தால்தான் அப்பீல். அப்புறம் தேடுங்கள்: எஸ்டேட் ஸ்கூல் அட்மிஷன் ரிஜிஸ்டர், டிஸ்பென்சரி பிரசவப் பதிவு. 1948-லேயே திருவிதாங்கூரில் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு கொடுத்துத் தேர்தல் நடந்தது. அந்த வாக்காளர் பட்டியல் எங்காவது கிடைத்தால் தங்கம். கல்லறைக் கல்லையும் விடாதீர்கள். உறவுமுறைக்குக் கல்லறை எழுத்து சாட்சி ஆகும் என்று பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதுச் சட்டத்திலும் இருக்கிறது.

பழைய ரெவின்யூ | புதன், காலை 10.00

வக்கீல் சார் சொன்னதில் ஸ்கூல் ரிஜிஸ்டர்தான் ஆபீஸில் எடுபடும். மற்றதெல்லாம் ஃபைலில் பக்கம் கூட்டத்தான். எங்களுக்கு ஒரு பொதுப் பதிவேட்டின் நகல், சீல், கையெழுத்து வேண்டும். கல்லறை போட்டோ கொண்டுவந்தால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கொழுந்துக்கூடை | புதன், மாலை 6.20

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக ஏன் தோண்ட வேண்டும்? தாலுகாவில் இருக்கிற எஸ்டேட் ஸ்கூல் ரிஜிஸ்டர்களையும் பழைய வாக்காளர் பட்டியலையும் அரசாங்கமே ஒரு தடவை எடுத்து, ஸ்கேன் செய்து, தாலுக்கு ஆபீஸில் வைத்தால் என்ன? கம்பெனியிடம் ரிக்கார்டைக் கொடு என்று கேட்க அரசாங்கத்தால் முடியும். கொழுந்து எடுக்கிற ஒரு செல்லத்தாயி மகன் கேட்டால் வாட்ச்மேன் கேட்டையே திறக்க மாட்டான்.

பழைய ரெவின்யூ | புதன், இரவு 8.15

யோசனை நல்லதுதான் டீச்சர். ஆனால் அப்படி ஒரு பட்டியல் வந்தால், அதில் பேர் ஏற்ற முதலில் வரிசையில் நிற்கிறவன் யார் என்று எனக்குத் தெரியும். அப்புறம், பட்டியலில் பேர் விட்டுப்போனவன் கதி? இப்போது "ஏதாவது ஆதாரம் கொண்டு வா" என்கிறோம். அன்றைக்கு "லிஸ்டில் இல்லை, போ" என்போம்.

கொழுந்துக்கூடை | புதன், இரவு 8.40

இதற்குச் சட்டென்று பதில் இல்லை சார். லிஸ்டில் இருந்தால் ஆதாரம், இல்லை என்றால் எதிரான ஆதாரம் ஆகாது என்று எழுதி வைக்கலாம். நீங்கள் படிக்க மாட்டீர்கள்.

பழைய ரெவின்யூ | புதன், இரவு 8.45

நான் படிப்பேன். எனக்கு அடுத்து வருகிறவனுக்குச் சொல்ல முடியாது.

ஏலப்பாறைக்காரன் | சனி, இரவு 7.50

தேடினேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சுடுகாட்டுக்குப் போனேன். தாத்தா குழி எதுவென்று அம்மா காட்டினாள். தலைமாட்டில் ஒரு கருங்கல், எழுத்து ஒன்றும் இல்லை. அந்த மேட்டில் எழுத்து உள்ள கல் ஒன்றே ஒன்று, கங்காணி சம்சாரத்துடையது. செத்த பிறகும் அவருக்குத்தான் ரிக்கார்டு.

டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது மாட்டுக்கொட்டகை.

எஸ்டேட் ஸ்கூல் வேறு ஸ்கூலோடு சேர்ந்துவிட்டது. ஆனால் பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிப் போடவில்லை! ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர், மலையாளி. கட்டில் கயிறு போட்டுக் கட்டின நாலு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்து, "நோக்கிக்கோ" என்றார். மூன்றாவது புத்தகத்தில் அப்பா பேர். தாத்தா பேர், டிவிஷன் பேர், லயம் நம்பர் வரை இருக்கு. சேர்ந்த தேதி: 1125 இடவம் 23. இது எந்த வருஷம் என்று எனக்குப் புரியவில்லை. ஹெட்மாஸ்டர் கணக்குப் போட்டார், அதற்குள் டீ ஆறிவிட்டது.

பழைய ரெவின்யூ | சனி, இரவு 8.05

கொல்லம் ஆண்டு! தை முதல் ஆடி வரை என்றால் 825 கூட்ட வேண்டும், ஆவணி முதல் மார்கழி வரை 824. இடவம் என்றால் நம் வைகாசி. 1125-ல் 825 கூட்டினால் 1950. இடவம் 23 ஜூன் முதல் வாரம் வரும். ஆகஸ்ட் 10-க்கு இரண்டு மாசம் முன்னால்! தம்பி, தப்பித்தீர்கள். ஆபீஸில் இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. நகலின் அடியிலேயே ஆங்கிலத் தேதியையும் ஹெட்மாஸ்டரையே எழுதி சீல் போடச் சொல்லுங்கள்.

ஏலப்பாறைக்காரன் | சனி, இரவு 8.20

சொல்கிறேன் சார். ஆனால் ஒரு சிக்கல். அந்த வரியில் சாதி என்ற கட்டத்தில் வாத்தியார் எழுதியிருக்கிறது: "தமிழன்". அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். பதினேழு பிள்ளைக்கும் "தமிழன்", கீழே மேற்கோள் குறி மாதிரி இரண்டு கோடு போட்டே நிரப்பியிருக்கிறார். தோட்டத்து ரைட்டர் (கணக்கர்) மகனுக்கு மட்டும் சாதி பேர் எழுதியிருக்கு.

கொழுந்துக்கூடை | சனி, இரவு 8.25

கடவுளே.

மெட்டு வக்கீல் | சனி, இரவு 9.30

பயப்படாதீர்கள். இரண்டு கேள்வி, இரண்டு காகிதம் என்று பிரித்துக்கொள்வோம். எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஸ்கூல் ரிஜிஸ்டர். என்ன சாதி என்பதற்கு உங்கள் கூடப்பிறந்த அண்ணனின் 1991 சான்றிதழ். அப்பா வழி ரத்த உறவின் சான்றிதழ் பலமான சாட்சி, அதை யாரும் ரத்து செய்யவும் இல்லை. "தமிழன்" என்று ஒரு சாதி எந்த மாநிலப் பட்டியலிலும் கிடையாது. அதனால் அது உங்கள் சாதியை மறுக்கிற பதிவு ஆகாது, வாத்தியார் கேட்கவே இல்லை என்பதற்குத்தான் சாட்சி. அப்பீல் மனுவில் இதை நானே எழுதுகிறேன். செங்கோட்டை விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

மறுப்பு உத்தரவு கைக்கு வந்ததா? அண்ணன் சான்றிதழ் நகல் போதாது, அசல் வேண்டும்.

ஏலப்பாறைக்காரன் | சனி, இரவு 9.55

உத்தரவு வெள்ளிக்கிழமை கொடுத்தார்கள், மூன்று வரி. அசல் அண்ணனிடம் கம்பத்தில் இருக்கு. லேமினேட் செய்து வைத்திருக்கிறாராம், செல்லுமா?

பழைய ரெவின்யூ | சனி, இரவு 10.00

செல்லும். பிரிக்க மட்டும் வேண்டாம், கிழிந்துவிடும்.

ஏலப்பாறைக்காரன் | சனி, இரவு 10.02

சரி சார். நாளைக்குக் குமுளி போய் முதல் பஸ்ஸில் இறங்குகிறேன்.